ஒற்று மிகா இடம்

உங்கள் வாசல் பலகையில் 'விசாரனை அறை' என்று எழுதியிருக்கிறது. மூன்று சுழி 'ண' வர வேண்டும். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எழுதியவர் நல்ல மனத்தோடுதான் எழுதியிருப்பார், வண்ணமும் நன்றாகவே பிடித்திருக்கிறது. ஆயினும் இந்த அறைக்குள் வருகிறவர்கள் பதற்றத்தோடு வருகிறவர்கள். அவர்களுக்கு முன்னால் முதல் பிழையைச் செய்தவர் நீங்களாக இருக்கலாகாது.

நீங்கள் கேட்டது திருகைப் பற்றி. என் சகலையின் கேமராவைத் திறந்து, உள்ளே இருக்கும் சிறு திருகொன்றை நான் ஏன் திருப்பினேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்பு நடந்த ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்கு அது தெரியாது. அதையும் நானாகவே சொல்லிவிடுகிறேன். பாதிப் பக்கம் மட்டும் பிழை பார்த்துவிட்டு மூடி வைப்பது என் வழக்கம் அன்று.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன். புத்தகம் அச்சேறும் முன் அதிலுள்ள பிழைகளைக் களைவது என் வேலை. எழுதியவனுக்கு மாலை விழும். எனக்கு விழுந்ததெல்லாம் வசவுதான், அதுவும் ஏதேனும் ஒரு பிழை தப்பிப் போனால் மட்டும். என் தனித்திறம் ஒற்று. 'கைக்குட்டை' என்றால் மூக்கைத் துடைக்கும் துணி. நடுவிலுள்ள ஒற்றை எடுத்துவிட்டுக் 'கை குட்டை' என்று எழுதினால், பாவம், அந்த மனிதருக்குக் கை நீளம் போதவில்லை என்று பொருள். ஓர் எழுத்துத்தான், அரை மாத்திரைதான். அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டாலும், இருக்கக் கூடாத இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாலும், பொருள் வேறு வீட்டுக்குக் குடிபோய்விடும்.

வீட்டிலும் நான் 'இங்கே ஒற்று மிகும், அங்கே மிகாது' என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் சகலை எனக்கு 'ஒற்றர்' என்று பட்டம் சூட்டினார். வேவு பார்ப்பவர் என்றும் அதற்குப் பொருள் உண்டு. சிலேடை நன்றாக அமைந்திருக்கிறது என்பதை அன்றே ஒப்புக்கொண்டேன். நான் நியாயமானவன்.

சகலை என்பவர் என் மனைவியின் அக்காளை மணந்தவர். எங்கள் தெருக்கோடியில் படம் எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பெரிய உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய சிரிப்பு. இன்றும் ஃபிலிமில்தான் எடுப்பார். முகங்களை எடுப்பதில் கெட்டிக்காரர். அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. என் மனைவிக்கு அவர் அத்தான் முறை. கொழுந்தியாளைக் கேலி செய்யும் உரிமை அவருக்கு உண்டு. அந்த உரிமையில் அவர் ஒரு துளியும் வீணாக்கவில்லை.

அவர் ஒரு கேமரா வாங்கினார். கேமரா என்றே சொல்கிறேன். நல்ல தமிழில் சொன்னால் நீங்கள் எழுதி முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். பொத்தானைப் பாதி அழுத்தினால், லென்ஸ் தானாகவே நகர்ந்து படத்தைத் தெளிவாக்கும் வகை அது. ஆட்டோஃபோகஸ் என்கிறார்கள். வாங்கிய கையோடு அந்த வசதியை நிறுத்தி வைத்துவிட்டார்.

“மெஷின் பாத்து எடுத்தா அது மெஷினோட படம், சகல. நான் பாத்து எடுத்தாத்தான் என் படம்.”

“அப்படியானால் இதை எதற்கு வாங்கினீர்கள், அண்ணே?” என்று கேட்டேன்.

“லென்ஸ் நல்ல லென்ஸ். கூடவே இந்த மோட்டாரும் வந்துடுச்சு. நல்ல எடத்துல பொண்ணு எடுத்தா கூடவே ஒரு சகலையும்தான் வந்து சேர்றாரு. வேணாம்னா சொல்றோம்?”

என் மனைவி சிரித்தாள். அவள் கையிலிருந்த தண்ணீர் தளும்பி மேசையில் கொட்டியது. நான்தான் துடைத்தேன்.

இனி நான் சொல்வதைக் கவனமாக எழுதுங்கள். கேமராவுக்குள் கண் வைத்துப் பார்க்கும்போது நமக்குத் தெரியும் காட்சி, ஒரு சிறு திரையின் மேல் விழுந்த காட்சி. குவியத் திரை என்று அதைச் சொல்லலாம். தானே குவிக்கும் கேமராக்களில் உள்ள திரை வெளிச்சமாக இருக்குமேயொழிய, மனிதக் கண் கொண்டு தெளிவு எது, மங்கல் எது என்று தீர்மானிக்க உதவாது. மாமியார் முன்னிலையில் எல்லா மருமகள்களும் நல்லவர்களாகத் தெரிவதுபோல, அதில் எல்லாமே தெளிவாகத் தெரியும். ஆகவே சகலை பழைய வகைத் திரை ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தார். அதன் நடுவில் ஒரு வட்டம்; வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. குவியம் தப்பியிருந்தால் கோட்டுக்கு மேலே உள்ள முகம் ஒரு பக்கமும், கீழே உள்ள முகம் மறு பக்கமுமாகப் பிளந்து நிற்கும். லென்ஸைக் கையால் திருகி இரண்டையும் ஒட்ட வைத்தால் படம் தெளிவு.

அந்தத் திரையை மாட்ட வேண்டும். விரல் நுனி பட்டாலே கீறல் விழும். அவருடைய விரல் ஒவ்வொன்றும் ஓர் உலக்கை. என்னிடம் ஈய எழுத்துகளை எடுத்த காலத்து இடுக்கியும், நடுங்காத கையும் இருந்தன. நான்தான் மாட்டினேன். வேறொரு கேமராவுக்காகச் செய்த திரையாகையால் அது சற்றே மெலிந்திருந்தது. விளிம்பின் மேல் மெல்லிய காகிதக் கீற்று ஒன்றை வைத்த பிறகே சரியாக உட்கார்ந்தது. அங்கே ஒற்று மிகும். அச்சிட்ட தாள் ஒன்றைச் சாய்த்து வைத்து, நடுவரியில் குவித்துப் படம் எடுத்துப் பார்த்தோம். படத்திலும் நடுவரியே தெளிந்திருந்தது. ஒரு மயிரிழையும் பிசகவில்லை. என் வேலை அப்படி.

அந்தத் திரை வழியாக அவர் எடுத்த முதல் முகம் என் மனைவியுடையது.

“அசையாதம்மா. ஒன் மூக்கு ஒரு தெருவுல நிக்குது, வாய் அடுத்த தெருவுல நிக்குது. இரு, ரெண்டுக்கும் சமாதானம் பண்ணிவைக்கிறேன்.”

“போதும் அத்தான், வயிறு வலிக்குது!”

அப்போது எடுத்துவிட்டார். படத்தைப் பெரிதாக்கி ஸ்டூடியோவின் முகப்புக் கண்ணாடிக்குள் வைத்தார். தலை பின்னால் சாய்ந்து, கண்ணில் நீர் கோத்து, கடைவாய்ப் பல் வரை தெரிகிற சிரிப்பு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சலவைக்காரர் என்னை வழியில் நிறுத்தி, “ஸ்டூடியோவுல இருக்கிறது ஒங்க வீட்டம்மாவா சார்? அடையாளமே தெரியலயே” என்றார். எனக்கும் தெரியவில்லை. அந்தக் கடைவாய்ப் பற்களை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. ஒன்றில் சொத்தை இருந்தது. அதை அவளிடம் சொன்னேன். 

அந்தப் படத்தால் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இதைத் தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

நான் செய்தது கொள்கையின்பாற்பட்டது. ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: “ஒங்க தொழில் மாதிரி இல்ல ஒற்றரே. புஸ்தகத்துக்கு நாலு தடவ புரூஃப் பாப்பீங்க. இங்க ஒரே தடவதான். என் கண்ணு தப்பே பண்ணாது.” பிழையே செய்யாத கண் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. அந்தக் கூற்று பிழையானது. பிழையைக் கண்டும் காணாததுபோல் எழுந்து கை கழுவப் போக என்னால் இயலவில்லை.

பின்பு அவர், திரையில் தூசி படிந்திருக்கிறது என்று கேமராவை என்னிடம் கொடுத்தார். நல்ல வெயில் நேரம். சன்னலோரம் உட்கார்ந்து திரையை எடுத்துத் தூசியைத் துடைத்தேன். பிறகு பழைய மெய்ப்புத் தாள் ஒன்றின் ஓரத்தை, அதாவது நாங்கள் பிழைக்குறி இடும் பகுதியை, மெல்லியதாகக் கத்தரித்து, முன்பே இருந்த கீற்றின் மேல் இரண்டாவதாக வைத்து மூடினேன். அது ஒற்று மிகா இடம்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, காத்திருக்கிறேன்.

ஒரு தாளின் கனம் என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். திரை அந்த அளவுக்குக் கீழே இறங்கும். அவர் கண்ணுக்குப் பிளவு ஒட்டித் தெளிவாகத் தெரியும். ஆனால் ஃபிலிமில் தெளிவு ஒரு விரற்கடை முன்னால் போய் விழும். கண்ணைக் குறி வைத்தால் மூக்கு நுனி கிடைக்கும். வெளிச்சத்தில் நிற்க வைத்து எடுத்த கூட்டப் படங்கள் தப்பித்துக்கொண்டன. அவர் பேர் வாங்கிய நெருக்கமான முகப்படங்கள்தாம் மாட்டிக்கொண்டன. ஓய்வு பெறும் நீதிபதி ஒருவரை எடுத்தார். மூக்கு மட்டும் துவாரத்து முடி வரை துலக்கமாகவும், நீதி வழங்கிய கண்கள் இரண்டும் புகை மண்டியும் வந்தன. மணப்பெண் ஒருத்தியை எடுத்தார். அவள் மூக்கிலிருந்த பருவைத் தவிர வேறெதையும் அடையாளம் காண முடியவில்லை.

இங்கே ஒன்றை நீங்கள் என் சார்பில் குறித்துக்கொள்ள வேண்டும். கேமரா தானாகக் குவிக்கும்போது இந்தத் திரையைப் பார்ப்பதில்லை. அதன் கண் அடித்தளத்தில் தனியாக இருக்கிறது. அவர் அந்த வசதியை மீண்டும் முடுக்கிவிட்டு, பொத்தானைப் பாதி அழுத்தியிருந்தால் ஒவ்வொரு படமும் பளிச்சென்று வந்திருக்கும். தப்பிக்கும் வழி அவருடைய ஆள்காட்டி விரலுக்கு அடியிலேயே இருந்தது. நான் எந்தக் கதவையும் பூட்டவில்லை. அவருடைய வீறாப்புத்தான் பூட்டிக்கொண்டது.

அவர் என்னிடம்தான் வந்தார்.

“சகல, எல்லாம் மூக்கா வருது. கேமராவக் கொஞ்சம் பாருங்க.”

பார்த்தேன். அவர் எதிரிலேயே புதுச் சுருள் போட்டு, ஆட்டோஃபோகஸில் வைத்து, அவரை, தெருவை, சுவரிலிருந்த கடிகாரத்தை எல்லாம் எடுத்தேன். கழுவி வந்தபோது ஒவ்வொன்றும் கண்ணாடிபோல் இருந்தது.

“கேமராவில் பிழை இல்லை, அண்ணே.”

“லென்ஸு?”

“லென்ஸிலும் இல்லை.”

அவர் அந்தப் படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் கையால் எடுத்த அவருடைய முகத்தை நெடுநேரம் பார்த்தார். “அப்ப மிச்சம் இருக்கிறது நான்தான்” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

நான் பொய் சொல்லவில்லை. கேமராவைக் கேட்டார், லென்ஸைக் கேட்டார். திரையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அதன்பின் அவர் வண்டி ஓட்டுவதை விட்டார். மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நல்ல கண், ஐயா. ஈயின் காலை எண்ணக்கூடிய கண். எதிர்க்கடைப் பலகையில் உள்ளதைச் சரியாகப் படித்துவிட்டு, “அப்படித்தான போட்டிருக்கு?” என்று என் மனைவியிடம் கேட்பார். “ஆமாம் அத்தான்” என்று அவள் சொல்வாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். எங்கள் வீட்டில் அந்த நாள்களில் நல்ல அமைதி நிலவியது.

கண் மருத்துவர் ஒருவர் தம் அலுவலகச் சுவரில் மாட்டுவதற்காகப் படம் எடுத்துக்கொள்ள வந்தார். வழக்கம்போல் மூக்கு சிறப்பாக அமைந்தது. அவர் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன நீங்க, என்னை மூக்கு டாக்டராக்கிட்டீங்க?”

சகலை தலை குனிந்து நின்றார். “கண்ணு போயிடுச்சு டாக்டர்” என்றார்.

மருத்துவர் சோதித்தார். அந்த வயதில் எல்லாருக்கும் இருக்கும் மெல்லிய புரை இருந்தது. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்தார். “இப்படியே ரொம்ப நாள் ஓட்டலாம். ஆனா ஒங்க தொழிலுக்கு எடஞ்சலா இருக்குன்னு சொல்றீங்க, படமும் அப்படித்தான் சொல்லுது. மொதல்ல வலது கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிடலாம், அப்புறம் எடது” என்றார். படம் எடுப்பவர் வைத்துப் பார்ப்பது வலக் கண்தானே.

சகலையின் மனைவி, என் மூத்த மைத்துனி, என்னிடம் வந்து கேட்டார். “நீங்கதான் எதையும் நுணுக்கமாப் பாக்கிறவரு. ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க. பண்ணலாமா, வேணாமா?”

அப்போதும் ஒரு வழி திறந்திருந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் மருத்துவத்தில் நான் கரை கண்டவன் அல்லன். தெரியாத துறையில் கருத்துச் சொல்வது தவறு. “மருத்துவர் சொல்வதைக் கேட்பதே முறை” என்றேன்.

மருத்துவமனையில் நானும் உடன் இருந்தேன். எங்களை உட்கார வைத்த இடத்தில் 'காத்திருப்போர் அரை' என்று எழுதியிருந்தது. காத்திருப்பவர்களுடைய இடுப்பு என்று பொருள். அவர் உள்ளே இருந்த நேரமெல்லாம் என் சிந்தை அதிலேயே இருந்தது.

மிக அரிதாக வரும் தொற்று ஒன்று வந்தது. எவர் மீதும் குறையில்லை. அத்தனை பேரும் கவனமாகவே இருந்தார்கள். வலக் கண் போயிற்று. அதை எடுத்துவிட்டுப் பொய்க்கண் ஒன்று வைத்தார்கள். நிறம் சற்றே பொருந்தவில்லை. அதை நான் அவரிடம் சுட்டிக்காட்டவில்லை; எனக்கு இங்கிதம் தெரியும்.

வீடு திரும்பியதும் அவர் என்னைக் கூப்பிட்டு, அந்தத் திரையைக் கழற்றிவிட்டுக் கேமராவோடு வந்த திரையையே போட்டுத் தரச் சொன்னார். “ஒங்க கையாலயே போடுங்க சகல. வேற எவன் கையும் நம்ப முடியாது.” போட்டுக் கொடுத்தேன். கீற்றுகள் இரண்டையும் குப்பையில் போட்டேன். என் வரையில் பக்கம் முடிந்தது. அவர் இனிக் கேமராவைத் தொட மாட்டார் என்றே எண்ணினேன், வருந்தவும் செய்தேன்.

தொட்டார். அதுவும் ஆட்டோஃபோகஸில்.

“இனிமே தெளிவா எடுக்கிற வேலைய மெஷின் பாத்துக்கட்டும். ஆளச் சிரிக்க வைக்கிறது மட்டும் என் வேல.” இப்படிச் சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்து, என் மனைவியைச் சன்னலோரம் உட்காரச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

“அட, இது எவ்வளவு வசதி தெரியுமா ஒனக்கு? முன்னெல்லாம் ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாக்கணும். இப்ப அந்தச் செரமமே இல்ல. சம்பளம் வாங்காம ஒருத்தன் நிரந்தரமா மூடிக்கிட்டு ஒக்காந்திருக்கான்.”

அவள் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். லென்ஸ் 'சர்' என்று நகர்ந்தது.

படத்தை எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார். வேலைக்காலத்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து அதை மெய்ப்புப் பார்த்தேன். இமைமயிர் தனித்தனியாக இருந்தது. கன்னத்தில் இறங்கிய நீரில் சன்னல் தெரிந்தது. சன்னலின் கம்பிகூடத் தெரிந்தது. ஓரம் முதல் ஓரம் வரை தேடினேன். பல நாள் தேடினேன். பிழை ஏதும் அகப்படவில்லை. அப்படி ஒரு தாள் என் வாழ்நாளில் என் மேசைக்கு வந்ததில்லை.

இனித் திருகுக்கு வருகிறேன். தானாகக் குவிக்கும் கேமராவிலும், உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக்குக் கீழே, அதன் தனிக்கண் எதைத் தெளிவு என்று கொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சிறு திருகு ஒன்று இருக்கிறது. தொழிற்சாலையில் ஒரு முறை நிறுத்திவிடுவார்கள். பிறகு யாரும் தொடுவதில்லை. இதைப் படித்து அறிந்தேன். தூசி துடைத்துத் தருவதாகச் சொல்லிக் கேமராவை வாங்கி வந்தேன். உடனே கொடுத்தார். கால் சுற்றுத் திருப்பினேன். அந்த நேரத்தில் என் மனைவி அறைக்குள் வந்தாள்.

“என்னங்க பண்றீங்க?”

“சரி பார்க்கிறேன்.”

“சரியாத்தான இருக்கு?”

 இடுக்கி, கத்தரி, திருப்புளி எல்லாம் மேசையின் மேல் வரிசையாக இருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “அன்னைக்குத் தூசி தொடச்சுக் குடுத்தீங்களே, அப்பவும் இப்படித்தான் சரி பாத்தீங்களா?”

கேமராவை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். அக்காள் வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். நேரே உங்களிடம் வந்திருக்கிறாள்.

திருகு தளர்ந்து படங்கள் மங்கினால் சகலை என்ன செய்திருப்பார் என்று கேட்கிறீர்கள். என்னிடம்தான் கொண்டுவந்திருப்பார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்றும் கேட்கிறீர்கள். கேமராவில் பிழை இல்லை என்று சொல்லியிருப்பேன். அதன்பின் அந்த மருத்துவர் இடக் கண்ணையும் பார்த்திருப்பார். ஆம், அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் திருப்பினேன். இரண்டாவது கீற்றைக் கொள்கைக்காக வைத்தேன் என்று சொன்னேன். திருகுக்கும் அதையே எழுதிக்கொள்ளலாம்.

என் மனைவி என்னிடம் எப்போதாவது அப்படிச் சிரித்ததுண்டா என்று கடைசியாகக் கேட்கிறீர்கள். அது விசாரணைக்குத் தொடர்பில்லாத கேள்வி. என் மனைவி சிரிப்பதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை, ஐயா. எங்கள் வீட்டில் சிரிப்பதற்கு எதுவும் நேரவில்லை, அவ்வளவே.